என் பெயரில் ஏழு வருஷம்

எங்கள் பழனிவேல் மாமாவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். "தியானம் பண்றவரு" என்று சொன்னால் வரும். "பொழைக்கத் தெரியாத மனுஷன்" என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வரும். அவர் என் அக்கா அமராவதியின் வீட்டுக்காரர். சிப்காட்டில் ஒரு சாயக் கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ள ஆள் கடலூர் ஜில்லாவிலேயே கிடையாது. ஏழு வருஷத்துக்கு மேல் அவர் வேலை பார்த்தது என் பெயரில்.

அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

2004 பங்குனியில் ஒரு காண்ட்ராக்டர் மூலமாக நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கேட் பாஸ் கொடுத்தார்கள். 'சி. தங்கராசு, த/பெ சிங்காரம்' என்று எழுதி, என் ஃபோட்டோவை ஒட்டி, லேமினேஷன் போட்ட அட்டை. மூன்று மாதம் முழுதாகப் போகவில்லை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு விசா வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே மாமா வேலை பார்த்த அரிசி மில்லை மூடிவிட்டிருந்தார்கள். முதுநகரில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். மாமா நாலு மாதமாக வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால் வாயை மூடிக்கொண்டு அல்ல. அந்தக் காலத்தில் மாமாவின் கோபம் தெருவே அறிந்த ஒன்று. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் தட்டு வாசலுக்குப் பறக்கும். அக்கா தட்டைப் பொறுக்கிக் கழுவி மறுபடி சோறு போடுவாள். எவர்சில்வர் தட்டு என்பதால் உடையவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலையை விடப் போகிறேன் என்று மேஸ்திரி சுப்புராயனிடம் சொன்னபோது, மாமாவை என் இடத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"புது ஆள்னா மெடிக்கலு, போலீசு விசாரணை, புது பாஸுன்னு மூணு மாசம் இழுக்கும்யா. அதுக்குள்ள வேற எவனாவது வந்து குந்திக்குவான்," என்றார் மேஸ்திரி. "ஒன் மாமனை ஒன் பாஸுலயே அனுப்பு. அப்புறமா மாத்திக்கலாம். நம்ப ஊருல எத்தினி பேரு இப்பிடிப் போறான் தெரியுமா?"

எனக்கும் தெரியும். அண்ணன் பாஸில் தம்பி போவான், சித்தப்பா பாஸில் மகன் போவான். என் பாஸில் லேமினேஷனுக்குள் காற்றுப் புகுந்து, முகம் இருக்கிற இடத்தில் மீசை மட்டும்தான் தெளிவாகத் தெரியும். மாமாவுக்கும் மீசை உண்டு. அது போதுமானதாக இருந்தது. மேஸ்திரி சொன்ன 'அப்புறமா' மட்டும் வரவே இல்லை.

ஆக, வீட்டில் பழனிவேல், கேட்டுக்கு உள்ளே தங்கராசு. கேண்டீனில், சைக்கிள் ஸ்டாண்டில், சம்பளக் கவரில், எல்லா இடத்திலும் 'தங்கராசு அண்ணன்'. மூன்று மாதத்தில் அவருக்கே பழகிவிட்டது.

2006இல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு மாமாவும் அக்காவும் நின்றுகொண்டிருந்தபோது, மாமாவோடு படித்த திருநாவுக்கரசு கூட்டத்துக்குள்ளிருந்து "பழனிவேலு! டேய் பழனிவேலு!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். மாமா ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்து, "என்னாங்க, உங்களத்தான் கூப்புடறாங்க," என்ற பிறகுதான் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் தன் கடைப் பையனை "தங்கராசு!" என்று கூப்பிட, மாமா வெடுக்கென்று திரும்பினார்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு பஜ்ஜி வாங்கித் தின்றிருப்பார்கள். எங்கள் மாமாவுக்கு அது தைத்துவிட்டது. எனக்கு சிங்கப்பூருக்கு போன் போட்டுச் சொன்னார். "மச்சான், சொந்தப் பேரச் சொல்லி கூப்புட்டா திரும்பல. ஒன் பேரச் சொன்னா திரும்புது. அப்ப உள்ளருந்து திரும்புதே, அது யாருடா?"

"மாமா, நான் பன்னெண்டு மணி நேரம் வெல்டிங் அடிச்சிட்டு வந்து குந்தியிருக்கேன். யாரா இருந்தா என்னா? போயி தூங்கு," என்றேன்.

அவர் விடவில்லை. யார் யாரையோ கேட்டிருக்கிறார். கடைசியில் கம்பெனி டிஸ்பென்சரியில் ரத்தம் எடுக்க வருகிற பெண் ஒருத்தி, சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்தில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டுப் பார்க்கிறோம், வேண்டுமானால் வாருங்கள் என்றாள். சத்யப்பிரியா என்று பெயர். இருபத்தேழு வயதுதான். மாமாவுக்கு அப்போதே நாற்பதைத் தொடப்போகிற வயசு. மேல வீதியில் அவளுடைய மாமா ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் மாடியில் பத்துப் பதினோரு பேர் கூடுவார்கள். படம் கிடையாது, விளக்கு கிடையாது, பிரசாதம் கிடையாது. உறை போட்ட டைப்ரைட்டர்களுக்கு நடுவே அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டியது.

முதல் நாள் நடந்ததை மாமா சொல்லச் சொல்ல நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சத்யப்பிரியா எல்லோரையும் அறிமுகம் செய்துவிட்டு, "உங்க பேரு என்னாங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கம்பெனியில் பார்த்த முகம் தெரியும், பெயர் தெரியாது. மாமா திருதிருவென்று முழித்தார். கம்பெனிக்கு வந்துபோகிற பெண், எந்தப் பெயரைச் சொன்னால் வம்பு என்று அவருக்குக் குழப்பம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அதைத்தான் தெரிஞ்சிக்கணும்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டார். அங்கிருந்த பதினோரு பேரும் அசந்துபோனார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டாராம். மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு அவர் விளையாட்டாக இருக்கவில்லை. தினமும் முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன்னால் மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் அரை மணி. ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பெஞ்சில் கால் மணி. "தங்கராசு அண்ணன் ஆஃப் ஆயிட்டாரு, ஸ்விட்ச் போடுங்கடா," என்று பசங்கள் கேலி செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சிதம்பரம் பஸ்.

என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "ஒன்னும் பண்றதில்ல மச்சான். குந்தினா ஒரு நெனப்பு வரும். மேஸ்திரி திட்டினது, வாடக, கொழந்த பரீட்ச, எதுனா ஒன்னு. அதத் தொரத்தக் கூடாது. இது யாருக்கு வந்துச்சின்னு கேக்கணும். எனக்குன்னு பதிலு வரும். சரி, அந்த 'எனக்கு' எங்க இருக்குன்னு பாக்கணும். அவ்ளோதான்."

"கண்டுபுடிச்சியா?"

"ஒரு நாளு பாத்தேன். ஆளு இல்ல."

"பயமா இல்லியா மாமா?"

"இல்லடா. எல்லாரும் வெளிய போயிட்ட வூட்டுல ஃபேனு மட்டும் ஓடுமே, அப்பிடி இருந்துச்சி."

அதற்கு மேல் கேட்பதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

எங்கள் அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புருஷன் சவரம் செய்துகொண்டு சிதம்பரத்துக்குப் போனால் எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பாள்? "அப்பிடி என்னா வாராவாரம் நடராசரு?" என்று கேட்டாள். நடராசர் இல்லை, தியானம் என்றார். "தியானம்னா வடலூரு போங்க. ஜோதியப் பாருங்க, சோறு துன்னுங்க, வாங்க. டைப்படிக்கற எடத்துல என்னா தியானம்?" மாமா சிரித்துவிட்டுக் கிளம்பினார். அக்கா அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனாள்! மேல வீதியில் விசாரித்து மாடிப்படி ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால், பதினோரு பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மாமா. சத்யப்பிரியா எழுந்து வந்து, "ஒக்காருங்கக்கா," என்று ஒரு ஸ்டூலைக் காட்டினாள். சண்டை போடப் போனவள் சங்கடத்தோடு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனாள். குறட்டைச் சத்தத்தில் ரிட்டயர்டு வாத்தியாரின் தியானம் கலைந்துவிட்டது என்று மாமா சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா பரங்கிப்பேட்டை வரைக்கும் பேசவில்லையாம். அப்புறம், "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்," என்றாளாம்.

அதற்கு அடுத்த வருஷம் அக்கா எனக்குப் பதற்றத்தோடு போன் செய்தாள். "டேய் தம்பி, ஒங்க மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சிடா. தட்டு பறக்கவே மாட்டேங்குது." என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேண்டுமென்றே சாம்பாரில் இரண்டு பங்கு உப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறாள் மகராசி. மாமா ஒரு வாய் வைத்தார். மூக்கு விடைத்தது. தட்டின் விளிம்பைக் கை பிடித்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "உப்பு ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தயிர் எடுத்துவந்தார். அக்கா சமையல்கட்டில் நின்று அழுதிருக்கிறாள். நான் சிங்கப்பூரில் பத்து பேர் படுக்கிற அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண் கலங்கினேன். அந்தத் தட்டு பறந்ததைப் பல தடவை நேரில் பார்த்தவன் நான்.

கம்பெனியிலும் இது தெரிந்தது. மாமா நிற்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய பெரிய கொப்பரைகள், வெஸல் என்பார்கள். உள்ளே சரக்கு வேகும்போது சூடு ஏறும். ஏறுகிற வேகத்தைப் பார்த்துப் பயந்து சீக்கிரம் குளிர்தண்ணீர் வால்வைத் திறந்தால் சரக்கு கெட்டுப்போகும். அசட்டையாக இருந்தால் அதைவிட ஆபத்து. சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே, கையைச் சும்மா வைத்துக்கொண்டு, சரியான நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். மாமா ஷிப்ட்டில் சரக்கு கெடுவதே இல்லை என்று இன்ஜினியர்களே பேசிக்கொண்டார்கள். புது ஆள் வந்தால், "தங்கராசுகிட்ட வுடு," என்பார்கள். பெயர் என்னுடையது, பெருமை அவருடையது.

2010 கடைசியில் நான் திரும்பி வந்தேன். இரும்புத் தகடு விழுந்து இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. அத்தோடு காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டினேன், விட்டேன். என் மனைவி புஷ்பவள்ளி துணி தைத்துக் குடும்பத்தை நடத்தினாள். வேலை இல்லாத ஆம்பளை எப்படி இருப்பான் என்று மாமாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டவன், இப்போது நானே அப்படி ஆனேன். எங்கள் வீட்டுத் தட்டு பீங்கான்.

2011 கார்த்திகையில் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட் போட்டார்கள். காண்ட்ராக்ட் ஆட்களில் பதினாலு பேரைப் பர்மனென்ட் ஆக்குகிறார்கள். ஆறாவது பெயர், சி. தங்கராசு. பள்ளிக்கூட சர்டிபிகேட், ரேஷன் கார்டு இரண்டும் ஒரிஜினல் கொண்டுவர வேண்டும். குடும்ப விவரப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் தவணை.

பர்மனென்ட் என்றால் எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயமா? மழையில் வேலை இல்லை என்று எவனும் திருப்பி அனுப்ப முடியாது. பிள்ளைகளைக் காலேஜ் சேர்க்கலாம். அக்கா அன்றைக்கே மாமாவையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "ஒன் ஒரிஜினலக் குடுடா தம்பி. அவரு ஒன் பேருலயே இருந்துட்டுப் போவட்டும். இத்தினி வருஷம் இருந்தாச்சி, இன்னும் பதினெட்டு வருஷந்தான."

படிவத்தைப் பிரித்தோம். மனைவி பெயர் என்ற இடத்தில் ரேஷன் கார்டில் உள்ளபடி புஷ்பவள்ளி என்று எழுத வேண்டும். புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயய்யோ, நான் உங்க பொண்டாட்டின்னா எழுதுவீங்கண்ணா?" என்றாள். என் பிள்ளைகள் அவர் பிள்ளைகள். நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால் பணம் என் வீட்டுக்கு வரும். அக்கா அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகும், "பரவால்ல, எழுதுங்க," என்றாள்.

மாமா பேனாவைத் தொடவில்லை. அக்காவுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "நீங்கதான சொன்னீங்க, பேரெல்லாம் சட்ட மாதிரி, நாம வேறன்னு? அஞ்சு வருஷமா மாடியில குந்திகினு அதானே பாத்தீங்க? இப்ப இந்தச் சட்டயப் போட்டுகினா என்னா கொறஞ்சிடும்?"

அடேங்கப்பா, எங்கள் அக்காவா இப்படிக் கேட்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம். மாமாவும் அவளை ஆச்சரியமாகத்தான் பார்த்தார்.

"நல்லாக் கேட்ட அமராவதி," என்றார். "சட்ட நான் இல்லதான். அதுக்காக மச்சான் சட்டய என்னுதுன்னு கையெழுத்து போட முடியுமா? உள்ள இருக்கறது யாருன்னு இன்னும் எனக்குத் தெரியல. ஆனா பொய் சொன்னா அது ஓடி ஒளிஞ்சிக்குது. அது மட்டும் தெரியும்."

"அப்ப வேல?"

"போயி சொல்லிப் பாக்கறேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமா என்னிடம், "நீயும் ஒரிஜினல எடுத்துகினு வா மச்சான்," என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் போன பிறகு புஷ்பவள்ளி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "லிஸ்ட்டுல இருக்கறது உங்க பேரு. அவரு வாணாம்னா அது உங்க வேலதான?" என்று கேட்டாள். நான் பாய்ந்து விழுந்து திட்டினேன். திட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தது. தவணை முடிகிற வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனேன்.

கம்பெனி டிரெய்னிங் ரூமில் பதினாலு பேரும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பர்சனல் ஆபீசர் இசைவாணி மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "சி. தங்கராசு" என்றதும் மாமா எழுந்து போனார். பின்னாலேயே நானும் போனேன். மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல தங்கராசு யாரு?"

"பேரு இவனோடதுங்க மேடம்," என்றார் மாமா. "வேல பாத்தது நானு. என் பேரு பழனிவேல். எங்கப்பா வீராசாமி."

மேடத்தின் முகம் சிவந்தது. "அப்ப ஏழு வருஷமா எங்கள ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்."

மேஸ்திரிதான் சொல்லிக் கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. மில் மூடினதைச் சொல்லவில்லை. என்னைக்கூட இழுக்கவில்லை. ஆமாங்க மேடம், அவ்வளவுதான். குனியவும் இல்லை, விறைக்கவும் இல்லை. கொப்பரை முன்னால் முள்ளைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பார் என்று சொல்வார்களோ அப்படி நின்றார். என் வாழ்க்கையில் நான் ஒரு மனிதனைப் பார்த்துப் பெருமைப்பட்டது என்றால் அந்த நிமிஷம்தான். எங்க மாமாடா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

மேடம் உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். மாமாவிடம் பேசாமல் என்னிடம் கேட்டார். "உங்க சர்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கு. லிஸ்ட்ல இருக்கிறது உங்க பேரு. முதல் பாஸும் உங்களுக்குக் கொடுத்ததுதான். நீங்க கையெழுத்துப் போட்டா ஃபைல் முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?"

பேனாவை என் பக்கம் நீட்டினார். பொய் சொல்ல மாட்டேன், என் கை கொஞ்சம் நீண்டது. மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. போட்டுக்கோ என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரிஜினலை எடுத்துக்கொண்டு வா என்று அவர் சொன்னதே இதற்காகத்தான். தனக்குப் போனாலும் எனக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். பாவி மனுஷன்!

"மேடம்," என்றேன். "லிஸ்ட்டுல இருக்கற தங்கராசு நான் இல்லங்க. அந்தத் தங்கராசு சரக்கு கெடாம பாத்துகினாரு. புது ஆளுங்களுக்கு வேல கத்துக் குடுத்தாரு. நான் அப்ப சிங்கப்பூருல இருந்தேன். பாஸ்போர்ட்ட வேணா காட்டறேன்."

மேடம் பதில் சொல்வதற்குள் பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் எழுந்து நின்றான். "மேடம்... ஜெயப்பிரகாஷுன்னு லிஸ்ட்டுல இருக்கறது எங்க அண்ணங்க. நான் கதிரவன்." அவன் உட்காருவதற்குள் இன்னொருவன் எழுந்தான். அப்புறம் ஒருவன். மேடம் பேனாவை மேஜைமேல் போட்டார். "ஏங்க, இங்க யாராவது அவங்க அவங்களாவே வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். யாரோ ஒருவன் பயந்துகொண்டே கையைத் தூக்கினான். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு வந்ததற்காக வேலை கொடுப்பார்களா என்ன? நாலு பேரின் பாஸையும் அன்றைக்கே கேட்டில் வாங்கிக்கொண்டார்கள். டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்து மரத்தையெல்லாம் வாரிப் போட்டுவிட்டுப் போனது, கம்பெனியும் மூடிக் கிடந்தது. மாமா பண்ருட்டிப் பக்கம் விழுந்த பலா மரங்களை அறுக்கிற கூலி வேலைக்குப் போனார். நானும் கூடப் போனேன், மடங்காத விரலோடு. சாப்பாட்டு வேளையில் அரை மணி அவர் அடிமரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். நான் பீடி பிடிப்பேன். மாசி மாதம் கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்தபோது கொப்பரை பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் சரக்கு கெட்டுப்போய், நாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரில் புதுப் பாஸ். முகம் நன்றாகத் தெரிகிற ஃபோட்டோ. ஆனால் சர்வீஸ் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து, பழைய ஏழு வருஷம் கணக்கில் இல்லை. பர்மனென்ட் இன்னும் ஆகவில்லை. அதனால்தான் ஊரில் சில பேர் பிழைக்கத் தெரியாதவர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், என் காதில் விழாமல் சொல்லட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. மாமாவும் நானும் பஸ்ஸில் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் மாமா நேராக மாடிக்குப் போய்விட்டார். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷமாக ஏமாற்றினீர்கள் என்று மேடம் சொன்னதையும், வேலை போய்விட்டதையும் சொன்னேன். "எனக்குத் தெரியும், இந்த மனுஷன் கெடுத்துகினுதான் வருவாருன்னு எனக்குத் தெரியும்," என்று புலம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏமாத்தினியான்னு கேட்டதுக்கு என்னா சொன்னாரு?" என்றாள்.

"ஆமாங்க மேடம்னு சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்னும் இல்ல. அவ்ளோதான்."

"மேஸ்திரி பேரச் சொல்லலியா? ஒன்னச் சொல்லலியா?"

"யாரையும் சொல்லலக்கா. எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க. நிமிந்து நின்னாரு."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நானும் பின்னால் போனேன், அவள் இருந்த நிலையில் தனியாக விட மனம் வரவில்லை. குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். விஷயம் எங்களுக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுத் தில்லையம்மாள் உதட்டைச் சுழித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி அமராவதி, கம்பெனில ஏதோ பேரு தகராறாமே? அங்க தங்கராசுன்றாங்க, இங்க வேற என்னமோன்றாங்க. ஒன் வூட்டுக்காரரு பேருதான் என்னாடி?"

எங்கள் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். வீட்டுக்காரர் பெயரை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பிள்ளைகளை விட்டுச் சொல்ல வைப்பாள். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போது, முருகன் பேருங்க என்று சுற்றி வளைப்பாள்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள்.

"பழனிவேலு," என்றாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "எங்க வூட்டுக்காரரு பேரு பழனிவேலு. நல்லாக் கேட்டுக்க."